புட்டியில் அடைத்த ஆக்டேன்: ஒரு நூற்றாண்டுப் பாடம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உதிரிப்பாகக் கடைக்குள் நுழைந்தால் எஞ்சின் எண்ணெய் அடுக்கிய தட்டுக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்னப் புட்டிகள் கண்ணில் படும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பளபளக்கும். 'ஆக்டேன் பூஸ்டர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். பெட்ரோலோடு கலந்து ஊற்றினால் வேகம் கூடும், இழுவை கூடும், எண்ணெய் மிச்சமாகும் என்று மூன்று வாக்குறுதிகள் அதில் இருக்கும். உள்ளே இருப்பது என்ன பொருள் என்ற ஒரு விவரத்தை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கும். பல புட்டிகளில் தேடினாலும் கிடைக்காது.

தொடர்புத் துறை படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு விளம்பரம் என்ன சொல்கிறது என்பதைவிட, என்ன சொல்லாமல் விடுகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்போம். அந்தக் கண்ணோடு ஆக்டேனின் வரலாற்றைப் புரட்டினால், நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இதே போன்ற ஒரு வாக்குறுதி உலகத்திற்கே விற்கப்பட்டது தெரியவரும். அப்போதும் உள்ளே இருந்த பொருளின் பெயர் மறைக்கப்பட்டது. அதற்கு உலகம் கொடுத்த விலை மிகப் பெரியது. அந்தக் கதையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

ஆக்டேன் என்பது சக்தியா?

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. ரோன் 95, ரோன் 97 என்று எண்ணெய் நிலையத்தில் பார்க்கிறோமே, அந்த எண் எதைக் குறிக்கிறது? பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் 'சக்தி' என்பார்கள். எண் பெரிதானால் பெட்ரோலில் பலம் அதிகம் என்று நினைப்பார்கள். அது உண்மையல்ல.

எஞ்சினுக்குள் நடப்பதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் போகிறது. பிஸ்டன் மேலே ஏறி அந்தக் கலவையை நெருக்குகிறது. நம் சாதாரணக் கப்சாய் மோட்டார் சைக்கிள்களில் ஒன்பது, பத்து மடங்கு வரை அது நெருக்கப்படுகிறது. சரியான நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறி தட்டுகிறது. அந்தப் பொறியிலிருந்து தீ ஒரு பக்கமாகத் தொடங்கி, வயலில் வைக்கோல் எரிவதுபோல் வரிசையாகப் பரவ வேண்டும். அப்படிப் பரவினால் பிஸ்டனை அது சீராகக் கீழே தள்ளும்.

ஆனால் சில நேரங்களில் தீ இன்னும் போய்ச் சேராத மூலையில் இருக்கும் கலவை, நெருக்கமும் சூடும் தாங்க முடியாமல் தானாகவே குப்பென்று வெடித்துவிடும். அந்த அதிர்ச்சி அலை சிலிண்டர் சுவரில் மோதும்போது, தகர டப்பாவுக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போன்ற ஒரு சத்தம் கேட்கும். இதைத்தான் 'நாக்கிங்' என்கிறோம். தொடர்ந்து நாக்கிங் வந்தால் பிஸ்டன் தலை அரிக்கப்படும், ஓட்டைகூட விழும்.

இப்படித் தானாக வெடிக்காமல் பொறி வரும்வரை பொறுமையாக இருக்கும் குணத்தின் அளவுதான் ஆக்டேன் எண். ஆக, அது பெட்ரோலின் பலத்தைச் சொல்லும் எண் அல்ல, பொறுமையைச் சொல்லும் எண். பொறுமையுள்ள பெட்ரோல் இருந்தால் கலவையை இன்னும் அதிகமாக நெருக்கும் எஞ்சினைச் செய்யலாம். அதிக நெருக்கத்திலிருந்துதான் அதிக சக்தி வருகிறது. எஞ்சினின் நெருக்கத்தை மாற்றாமல் பெட்ரோலின் எண்ணை மட்டும் கூட்டினால் என்ன ஆகும்? ஏற்கெனவே நாக்கிங் இல்லாத எஞ்சினில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

சிவப்பு இலையும் ஐயோடினும்

இந்தச் சத்தத்திற்கு எதிரான போராட்டம் அமெரிக்காவின் டேட்டன் நகரில் தொடங்கியது. சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியியலாளர் 1912இல் கெடிலாக் காருக்கு மின்சார ஸ்டார்ட்டரைக் கொடுத்தவர். எஞ்சின்களில் நாக்கிங் அதிகமானபோது, அவர் அமைத்த மின் ஏற்பாடுதான் காரணம் என்று பழி விழுந்தது. பழியைத் துடைக்க அவர் ஆராய்ச்சியில் இறங்கினார். 1916இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற இளைஞர் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

அவர்களுக்கு வந்த முதல் யோசனை வேடிக்கையானது. பனிக்காலம் முடியுமுன்னே பூக்கும் ஒரு செடியின் இலை சிவப்பாக இருக்கும். சிவப்பு நிறம் வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால்தான் அது சீக்கிரம் பூக்கிறது, பெட்ரோலையும் சிவப்பாக்கினால் சீக்கிரம் ஆவியாகி நாக்கிங் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டார்கள். கையில் சிவப்புச் சாயம் இல்லை, ஐயோடின் இருந்தது. கலந்தார்கள். நாக்கிங் குறைந்தது! பிறகு உண்மையான சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தார்கள். ஒரு பலனும் இல்லை. நிறத்திற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஐயோடின் என்ற பொருளுக்குத்தான் அந்தக் குணம் என்று அப்போது புரிந்தது. கணக்குத் தப்பு, விடை மட்டும் சரி. ஆனால் ஐயோடின் விலை அதிகம், உலோகத்தையும் அரித்தது.

பிறகு அனிலின், செலினியம், டெலூரியம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். டெலூரியத்தின் பூண்டு நாற்றம் ஆராய்ச்சியாளர்களின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டது. கடைசியில் 1921 டிசம்பர் 9ஆம் நாள் டெட்ரா எத்தில் லெட் என்ற சேர்மத்தை ஊற்றிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 1,300 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு கலந்தாலே போதும், நாக்கிங் அடங்கிவிட்டது. உலகம் தேடிக்கொண்டிருந்த மருந்து கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள்.

அது ஈயச் சேர்மம். ஈயம் என்றதும் நம் பேராக் மாநிலத்து ஈயச் சுரங்கங்களை நினைத்துவிட வேண்டாம். கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டியது வெள்ளீயம். தகர டப்பாவுக்கு முலாம் பூசும் அந்த உலோகம் வேறு. இது காரீயம், நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. காரீயம் நஞ்சு என்பது அப்போதும் புதிய செய்தி அல்ல. பழங்கால ரோமாபுரியிலேயே அதை அறிந்தவர்கள் இருந்தார்கள்.

நம் வட்டாரத்துப் பங்கு

இதே காலத்தில் இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ என்ற பொறியியலாளர் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். அவர் கதையில் நம் போர்னியோ தீவும் வருகிறது, மோட்டார் சைக்கிளும் வருகிறது.

முதல் உலகப் போர்க் காலத்தில் போர்னியோவில் ஷெல் நிறுவனம் எடுத்த எண்ணெயில் தொலுவீன் போன்ற நறுமணச் சேர்மங்கள் இயற்கையாகவே அதிகமாக இருந்தன. வெடிமருந்து செய்யத் தொலுவீன் தேவைப்பட்டதால் போரில் அந்த எண்ணெய்க்கு மதிப்புக் கூடியது. அது மட்டுமல்ல, போர்னியோ பெட்ரோல் மற்ற பெட்ரோலைவிட நாக்கிங்கை நன்றாகத் தாங்குகிறது என்பதையும் ரிக்கார்டோ கண்டுகொண்டார். ஓடிக்கொண்டிருக்கும்போதே நெருக்க விகிதத்தை மாற்றக்கூடிய ஒரு சோதனை எஞ்சினையும் உருவாக்கி, எந்தப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்று தொலுவீனையே அளவுகோலாக வைத்து அளந்தார். இந்தத் தொலுவீனை நினைவில் வையுங்கள். இன்றைய பூஸ்டர் புட்டியைத் திறக்கும்போது மீண்டும் சந்திப்போம்.

அதே ரிக்கார்டோவின் நிறுவனம் டிரையம்ஃப் மோட்டார் சைக்கிளுக்கு நான்கு வால்வு கொண்ட 500 சிசி எஞ்சினை வடிவமைத்தது. 1922ஆம் ஆண்டு ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தில் வால்டர் பிராண்டிஷ் அந்த மோட்டார் சைக்கிளில் இரண்டாம் இடம் பிடித்தார். எரியும் அறையின் வடிவத்தைச் சீர்செய்தால், பிளக்கைச் சரியான இடத்தில் வைத்தால், சூட்டை நன்றாக வெளியேற்றினால் நாக்கிங்கைப் பெருமளவு அடக்கலாம் என்பது ரிக்கார்டோ காட்டிய வழி. எஞ்சினைத் திருத்துவது ஒரு வழி, பெட்ரோலில் மருந்து ஊற்றுவது இன்னொரு வழி. உலகம் சுலபமான வழியைத் தேர்ந்தெடுத்தது.

பெயரை மறைத்த விற்பனை

1923 பிப்ரவரி 2ஆம் நாள் டேட்டன் நகர எண்ணெய் நிலையம் ஒன்றில் அந்தப் புதிய பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் 'எத்தில்'. பெண்பிள்ளைக்கு வைக்கும் பெயர் போல இனிமையான பெயர். சிவப்புச் சாயம் கலந்து விற்றார்கள். 'லெட்' என்ற சொல் விளம்பரத்தில் இல்லை. அந்த ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த கார்களும் எத்தில் ஊற்றி ஓடியவை. இதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா? 1924இல் ஜெனரல் மோட்டார்ஸும் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலும் சேர்ந்து எத்தில் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கின.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. சாராயம், அதாவது எத்தனால், நாக்கிங்கை நன்றாக அடக்கும் என்பது கெட்டரிங்குக்கும் மிட்ஜ்லிக்கும் தெரியும். ஆனால் எத்தனாலை யாரும் காய்ச்சலாம், காப்புரிமை வாங்க முடியாது. அதோடு, அதை நிறையக் கலக்க வேண்டும். ஈயச் சேர்மமோ ஒரு துளி போதும், உரிமையும் ஒரே கையில் இருக்கும். வணிகக் கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1923இன் தொடக்கத்திலேயே மிட்ஜ்லி ஈய நச்சுக்கு ஆளாகி, ஓய்வெடுக்க ஃபுளோரிடாவுக்குப் போக வேண்டியதாயிற்று. 1924 அக்டோபர் இறுதியில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் விபரீதம் நடந்தது. இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராகப் புத்தி பேதலித்து விழுந்தார்கள். சில நாட்களுக்குள் ஐந்து பேர் மாண்டார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பத்திரிகைகள் இதைப் 'பைத்திய வாயு' என்ற பொருளில் எழுதின. டேட்டனிலும், டூபான்ட் நிறுவனத்தின் டீப்வாட்டர் ஆலையிலும்கூட உயிர்கள் போயின. டீப்வாட்டர் ஆலையில் வேலை செய்தவர்கள், இல்லாத பூச்சிகளைக் கண்முன்னே கண்டு கைவீசி விரட்டினார்கள். அந்தக் கட்டடத்திற்கே 'வண்ணத்துப்பூச்சி வீடு' என்று பெயர் வந்துவிட்டது.

அப்போது நிறுவனம் என்ன செய்தது? 1924 அக்டோபர் 30ஆம் நாள் மிட்ஜ்லி செய்தியாளர்களைக் கூட்டி, அந்தத் திரவத்தில் தம் கையைக் கழுவிக் காட்டினார். ஒரு நிமிடம் அதை முகர்ந்தும் காட்டினார். ஏற்கெனவே அதே நஞ்சால் பாதிக்கப்பட்ட மனிதர் அவர்! தொடர்புத் துறை மாணவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய காட்சி இது. கண்ணால் கண்டதும் பொய் என்று நம் முன்னோர் சொன்னது இதற்குத்தான்.

எச்சரித்தவர்கள் இருந்தார்கள்

1925 மே மாதம் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் தலைவர் ஒரு மாநாட்டைக் கூட்டினார். இது நாட்டின் தொழில் முன்னேற்றத்திற்குக் கடவுள் கொடுத்த கொடை என்ற பொருளில் நிறுவனத்தின் தரப்பு பேசியது. எதிர்த்தரப்பில் யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டல் ஹெண்டர்சனும் ஹார்வர்டின் முதல் பெண் பேராசிரியர் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டனும் நின்றார்கள். ஆலையில் பாதுகாப்பை ஏற்படுத்தினாலும், தெருவெல்லாம் புகையாகப் பரவும் ஈயத்தை யார் கட்டுப்படுத்துவது என்பது அவர்கள் கேள்வி. 1926இல் ஆய்வுக் குழு, தடை விதிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிக்கை தந்தது. விற்பனை மீண்டும் தொடங்கியது. தீங்கு இல்லை என்று காட்டும் பொறுப்பு விற்பவனுக்கு என்றில்லாமல், தீங்கு உண்டு என்று காட்டும் பொறுப்பு மக்களுக்கு என்று ஆகிவிட்டது.

அதே 1926ஆம் ஆண்டில்தான் ஆக்டேன் அளவுகோலும் பிறந்தது. எத்தில் நிறுவனத்தின் வேதியியலாளர் கிரஹாம் எட்கர் அதை உருவாக்கினார். நாக்கிங்கை நன்கு தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100 மதிப்பெண், சற்றும் தாங்காத ஹெப்டேனுக்குச் சுழியம். இரண்டையும் கலந்து, சோதிக்கும் பெட்ரோலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ரோன் 95 என்றால், 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு அந்தப் பெட்ரோலும் தாங்கும் என்று பொருள். பெட்ரோலுக்குள் 95 விழுக்காடு ஆக்டேன் இருக்கிறது என்று பொருள் அல்ல.

ரோன் என்பது நிமிடத்திற்கு 600 சுற்று வேகத்தில் அளப்பது. மோன் என்று இன்னொன்று உண்டு, அது 900 சுற்றில் கலவையைச் சூடாக்கி அளப்பது. அமெரிக்க எண்ணெய் நிலையங்களில் இரண்டின் சராசரியைப் போடுகிறார்கள். அதனால் அங்கே 87 என்பது நம் கணக்கில் ஏறத்தாழ ரோன் 91 அல்லது 92. அமெரிக்கக் கையேட்டைப் படித்துவிட்டு நம் பெட்ரோலோடு ஒப்பிடும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஈயம் விடைபெற்ற கதை

எண் உயர்ந்தால் என்ன நடக்கும், தாழ்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டாம் உலகப் போர் நல்ல சான்று. 1940இல் பிரிட்டிஷ் போர் விமானங்கள் 100 ஆக்டேன் பெட்ரோலில் பறந்தன. அதே பிரிட்டனின் சாலைகளில் பொதுமக்களுக்குக் கிடைத்தது எழுபதை ஒட்டிய ஆக்டேன் கொண்ட 'பூல்' பெட்ரோல். போர் முடிந்த பிறகும் 1953 வரை அது நீடித்தது. 1947 டிடி பந்தயத்தில்கூட அந்த மட்டமான பெட்ரோலுக்கு ஏற்ப நெருக்க விகிதத்தைக் குறைத்துக்கொண்டுதான் மோட்டார் சைக்கிள்கள் ஓடின. எஞ்சினுக்கு ஏற்ற பெட்ரோல், பெட்ரோலுக்கு ஏற்ற எஞ்சின் என்பதுதான் என்றைக்கும் விதி.

ஈயத்தின் உண்மை முகத்தை வெளிக்கொண்டு வந்தவர், எதிர்பாராத துறையிலிருந்து வந்தவர். பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி, பாறையில் ஈயத்தை அளக்கப் போன இடத்தில், தம் ஆய்வுக்கூடத்தின் காற்றிலும் தூசியிலும் ஈயம் நிறைந்திருப்பதைக் கண்டார். இயற்கை அளவைவிட மனித உடம்பில் பல மடங்கு ஈயம் ஏறிவிட்டது என்று 1965இல் எழுதினார். 1979இல் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற குழந்தை மருத்துவர், விழுந்த பால்பற்களைச் சேகரித்து ஈயத்தை அளந்து, ஈயம் அதிகமுள்ள பிள்ளைகளின் அறிவுத்திறன் குறைவாக இருப்பதைக் காட்டினார். 1976 முதல் 1980 வரை அமெரிக்கப் பெட்ரோலில் ஈயம் குறையக் குறைய, மக்களின் இரத்தத்தில் இருந்த ஈயமும் 37 விழுக்காடு குறைந்தது. ஆலிஸ் ஹாமில்டன் எச்சரித்து அரை நூற்றாண்டு கழித்து அவர் பக்கம் நியாயம் இருந்தது நிரூபணமாயிற்று.

ஜப்பான் 1975இலேயே சாதாரணப் பெட்ரோலில் ஈயத்தை நீக்கியது. அமெரிக்கச் சாலைகளில் 1996இல் முழுத் தடை வந்தது. சிங்கப்பூர் லிட்டருக்கு 0.8 கிராமாக இருந்த ஈயத்தைப் படிப்படியாகக் குறைத்து 1987இல் 0.15 ஆக்கி, 1991இல் ஈயமில்லாப் பெட்ரோலைக் கொண்டுவந்து, 1998 ஜூலையில் ஈயப் பெட்ரோலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் மாற்றம் நிறைவேறியது. கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்தியது. உலகச் சாலைகளில் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2021 ஆகஸ்ட் 30ஆம் நாள் அறிவித்தது. டேட்டனில் விற்பனை தொடங்கி 98 ஆண்டுகள். சிறிய பிஸ்டன் விமானங்கள் பலவற்றில் மட்டும் இன்னும் அது மிச்சமிருக்கிறது.

ஈயம் போனால் வேகம் போய்விடும் என்று பயந்தவர்கள் உண்டு. 1998இல் 500 சிசி உலக மோட்டார் சைக்கிள் பந்தயங்களும் ஈயமில்லாப் பெட்ரோலுக்கு மாறின. அந்த ஆண்டின் மலேசியப் பந்தயம் ஜொகூர், பாசிர் கூடாங்கில்தான் நடந்தது. வேகம் ஒன்றும் நின்றுவிடவில்லை. மிக் டூஹான் அந்த ஆண்டும் உலகச் சாம்பியன் ஆனார்.

புட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஈயம் போன இடத்தில் வேறு பொருள்கள் வந்தன. இன்றைய பூஸ்டர் புட்டிகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, தொலுவீன், சைலீன், எத்தனால் போன்றவை. இவை உண்மையிலேயே ஆக்டேன் உள்ள எரிபொருள்கள். போர்னியோ பெட்ரோலுக்குக் கைகொடுத்தது இந்தத் தொலுவீன்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். தொலுவீனின் ரோன் ஏறத்தாழ 115 முதல் 120. ரோன் 95 பெட்ரோலை 98 ஆக்க வேண்டுமானால், மொத்தத்தில் 12 முதல் 15 விழுக்காடு தொலுவீன் இருக்க வேண்டும். நான்கு லிட்டர் தொட்டியில் ஏறத்தாழ அரை லிட்டர்! ஒரு 300 மில்லி புட்டியை 60 லிட்டர் கார் தொட்டியில் ஊற்றினால் அது அரை விழுக்காடு. அந்தப் புட்டி முழுவதும் தொலுவீனே என்றாலும், கூடுவது பத்தில் ஓர் எண் அளவுதான்.

பிறகு எப்படிப் புட்டியில் 'மூன்று பாயிண்ட் கூடும்' என்று போடுகிறார்கள்? அங்கேதான் சூட்சுமம். இந்த வணிகத்தில் பல இடங்களில் ஒரு பாயிண்ட் என்பது ஆக்டேன் எண்ணில் பத்தில் ஒரு பங்கு. 'மூன்று பாயிண்ட்' என்றால் 95 என்பது 98 ஆகாது, 95.3 ஆகும்.

இரண்டாவது வகை, உலோகச் சேர்மங்கள். எம்எம்டி என்பது மாங்கனீசு, ஃபெரோசீன் என்பது இரும்பு. ஈயம் போலவே இவையும் கொஞ்சம் கலந்தாலே வேலை செய்யும். ஆனால் எரிந்த பிறகு உலோகத் துகள் எங்கே போகும்? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், செம்மஞ்சள் நிறத்தில் படிந்திருக்கும். படிவு அதிகமானால் பொறி ஒழுங்காக வராது. புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி வடிகட்டியிலும் ஆக்சிஜன் உணரியிலும் அது படியக்கூடும். எம்எம்டியை உருவாக்கியதும் அதே எத்தில் நிறுவனம்தான் என்பது குறிப்பிடத்தக்கது. கனடா அரசு அதைக் கட்டுப்படுத்த முயன்றபோது நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1998இல் கனடா கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டு, ஏறத்தாழ 13 மில்லியன் அமெரிக்க டாலரும் கொடுத்தது. எம்எம்டியை ஈயத்தோடு சமமாக வைத்துப் பேச நான் வரவில்லை. உள்ளே இருப்பதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள் என்பதே என் வாதம்.

இன்னொரு ஆபத்து, அளவு. காருக்குச் செய்த புட்டியைக் கப்சாயில் கவிழ்ப்பது. 60 லிட்டருக்கு 300 மில்லி என்றால், நான்கு லிட்டர் தொட்டிக்கு 20 மில்லிதான் கணக்கு. பாதிப் புட்டியை ஊற்றினால் ஏழு மடங்குக்கும் மேல். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. இதுவோ அமிர்தம்கூட இல்லை.

நம் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேண்டும்?

கப்சாய் என்ற பெயரே ஹோண்டாவின் 'கப்' என்ற மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தது. 1958இல் வந்த முதல் சூப்பர் கப், 49 சிசி, நெருக்க விகிதம் 8.5. அந்தக் காலத்துச் சாதாரணப் பெட்ரோலில் ஓடுவதற்கென்றே செய்தது. சின்ன எஞ்சினுக்கு இயற்கையாகவே ஒரு நன்மை உண்டு. சிலிண்டர் சிறியது, தீ பரவ வேண்டிய தூரம் குறைவு, சுழற்சி வேகம் அதிகம். மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்குமுன் தீயே அங்கே போய்ச் சேர்ந்துவிடும். அதனால் சின்ன மோட்டார் சைக்கிளுக்குப் பெரும்பாலும் உயர்ந்த ஆக்டேன் தேவைப்படுவதில்லை.

மலேசியாவில் 2009 செப்டம்பரில் ரோன் 95 வந்து ரோன் 92க்கு விடை கொடுத்தது. நாம் அன்றாடம் ஓட்டும் பெரும்பாலான சின்ன மோட்டார் சைக்கிள்களுக்கு ரோன் 95 தாராளம். நவீனக் கார்களில் நாக்கிங்கை உணரும் கருவி இருக்கும், நல்ல பெட்ரோல் ஊற்றினால் பொறியின் நேரத்தைத் தானே முன்தள்ளிக் கொஞ்சம் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். பெரும்பாலான சின்ன மோட்டார் சைக்கிள்களில் அந்தக் கருவி இல்லை. ரோன் 97 ஊற்றினால் கெடுதல் ஒன்றுமில்லை, பணம்தான் கூடுதல்.

அப்படியானால் உயர்ந்த ஆக்டேன் யாருக்கு வேண்டும்? கையேட்டிலேயே அப்படிக் கேட்கும் பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கு. சிலிண்டரைப் பெரிதாக்கி, தலையை இழைத்து நெருக்கத்தைக் கூட்டியவர்களுக்கு. அவர்களும் புட்டியைத் தேடுவதைவிட எண்ணெய் நிலையத்தில் ரோன் 97 ஊற்றுவதே மேல். சிங்கப்பூரில் 98 கிடைக்கிறது. அதிலே எண் உறுதி, கலவை சீர்.

மாற்றம் ஏதும் செய்யாத மோட்டார் சைக்கிளில் திடீரென்று நாக்கிங் கேட்டால், அது மருந்து ஊற்றும் நேரம் அல்ல, மெக்கானிக்கிடம் போகும் நேரம். பிஸ்டன் தலையில் கரி படிந்திருக்கலாம், பொறி நேரம் தவறியிருக்கலாம், பிளக் அந்த எஞ்சினுக்குப் பொருந்தாததாக இருக்கலாம், கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கலாம், எஞ்சின் எண்ணெய் வற்றிச் சூடேறியிருக்கலாம். காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் நெற்றியில் பத்துப் போட்டுக்கொண்டே இருந்தால் நோய் முற்றும். எஞ்சினும் அப்படித்தான்.

நேயர்களே, மாதச் சம்பளத்தில் தவணை கட்டி, மோட்டார் சைக்கிள் வாங்கி, விடியற்காலையில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளின் பணம் இது. அவர்களை ஏமாற்றும் எழுத்து புட்டியின் முன்பக்கத்தில் பெரிதாகவும், காப்பாற்றும் எழுத்து பின்பக்கத்தில் சிறிதாகவும் இருக்கிறது. 1923இல் 'எத்தில்' என்ற இனிய பெயரைக் கேட்ட மக்கள், இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்ட ஒரு சிலரின் குரல் அமுக்கப்பட்டது. அதன் விலையை ஆலைத் தொழிலாளர்களும், தெருவோரத்தில் விளையாடிய குழந்தைகளும் கொடுத்தார்கள்.

எனவே, அடுத்த முறை கடைக்காரர் புட்டியை நீட்டும்போது மூன்றே கேள்விகள் கேளுங்கள். இதற்குள் என்ன பொருள் இருக்கிறது? எத்தனை லிட்டருக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும்? கூடுவது ஆக்டேன் எண்ணா, பாயிண்டா? பதில் வரவில்லை என்றால் புட்டியை அதே தட்டில் வைத்துவிட்டு வாருங்கள். அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஸ்பார்க் பிளக் வாங்கலாம், எஞ்சின் எண்ணெய் மாற்றலாம். மோட்டார் சைக்கிளும் ஓடும், மனமும் நிம்மதியாக இருக்கும்.